இடதுபக்கப் பின்கதவு

துணி தரையில் படவில்லை. பட்ட மாதிரி இருந்ததே தவிர படவில்லை. கையிலிருந்து நழுவி முழங்காலில் விழுந்து அங்கேயே தங்கிவிட்டது, ஒரு நுனி மட்டும் கீழே தொங்கியது, அந்த நுனிக்கும் சிமெண்டுத் தரைக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. இருந்ததா? பிருந்தா துணியை எடுத்து, கார் ஷெட்டுக்கு வெளியே வெயிலில் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத் துணி, பூனைக்குட்டியின் முதுகைப் போல மெத்தென்று இருந்தது. ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனால் ஒட்டவில்லை என்பது கண்ணுக்குத் தெரிகிற சங்கதி, கண்ணுக்குத் தெரியாததுதான் கீறும் என்று அவர் சொல்வார். தரையைத் தொட்ட துணி காருக்கு ஆகாது. இந்த வீட்டில் அது முதல் சட்டம். ஒரு மணல் குருணை ஏறிக்கொண்டால் போதும், அடுத்த முறை தேய்க்கும்போது அது வட்டம் வட்டமாகக் கோலம் போட்டுவிடும், இந்த ஜப்பான் வண்டியோட கறுப்பு இருக்கே, இது வெண்ணெய் பிருந்தா, வெண்ணெயத் தொடற மாதிரித் தொடணும். வெண்ணெய் என்று சொல்லும்போது ஜெகதீசன் குரல் குழையும். வீட்டில் வேறு எதைப் பற்றிப் பேசும்போதும் அந்தக் குரல் குழைந்து அவள் கேட்டதில்லை. நேத்ரா பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரியில் கூட, குழந்தையைக் கையில் வாங்கி, காதுமடலைத் திருப்பிப் பார்த்து, இங்க ஒரு மச்சம் இருக்கு என்றுதான் சொன்னார். பம்பு செட்டு செய்கிற கம்பெனியில் அவருக்குச் சோதிக்கிற வேலை. வார்ப்பில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் டார்ச்சை ஒரு சாய்வில் பிடித்தால் அது அவர் கண்ணில் பட்டுவிடும். இந்தத் துணி வேண்டாம். படவில்லை என்றாலும் வேண்டாம். அவள் அதை மிதியடிப் பக்கம் தள்ளி வைத்துவிட்டுப் புதுத் துணியை எடுத்தாள். துணிக்கட்டில் இன்னும் கொஞ்சம்தான் மிச்சம்.

கீறலைக் காலையில்தான் பார்த்தாள். அவர் பைக்கை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போய், நேத்ராவும் பள்ளிக்கூட வேனில் ஏறிப் போனபிறகு, வெள்ளிக்கிழமை வாசல் கழுவ ஹோஸைப் பிடித்திருந்தாள். கார் ஞாயிற்றுக்கிழமைக்கும் கல்யாணம் காட்சிக்கும் மட்டும்தான், மற்ற நாளெல்லாம் ஷெட்டில் சாமி மாதிரி நிற்கும், மூடி வைக்கவும் கூடாது, மூடுகிற படுதா உரசினாலே கோடு விழும். சாய்ந்து வந்த வெயில் இடதுபக்கப் பின்கதவில் விழுந்தபோது அங்கே ஒரு மயிர் கிடந்தது. தலைமுடி என்று நினைத்து ஊதினாள். போகவில்லை. குனிந்தாள். கைப்பிடிக்குக் கீழே தொடங்கிக் கொஞ்சம் வளைந்து சக்கரம் பக்கமாக இறங்கியது ஒரு வெள்ளைக் கோடு. நேற்று இது இருந்திருந்தால் அவர் பார்த்திருப்பார். தினமும் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கூடக் கழற்றாமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். ஆனால் நேற்று சாரல் அடித்து வண்டி முழுக்க நீர்த்துளி, துளிகளுக்கு நடுவில் கோடு தெரியாது, நாளைக்குப் பாக்கறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நாளைக்கு என்பது இன்றைக்கு. கோட்டின் உயரத்தைக் கையால் அளந்து பார்த்தாள், அவளுடைய தொடை மட்டம். பெரியவர்கள் யாரும் இடிக்கிற உயரம் இல்லை. நேத்ராவின் புத்தகப் பை தொங்குகிற உயரம். பையின் ஜிப்பில் ஒரு தகரப் பொம்மை தொங்கும், பிறந்தநாளுக்கு யாரோ சிநேகிதி கொடுத்தது. ஆனால் அவளுக்குப் புரியாதது வேறொன்று. கோட்டைச் சுற்றிலும் ஒரு மங்கல், யாரோ விரலால் வட்டமாகத் தேய்த்த மாதிரி, பொடிப்பொடியாக நூறு சின்னக் கோடுகள், புகை மாதிரி. பை உரசினால் கோடு விழும், புகை எப்படி வரும்? யோசிக்க நேரமில்லை. இல்லை, நேரம் இருந்தது, நாள் முழுக்க இருந்தது, யோசிக்கத்தான் பயமாக இருந்தது.

முதலில் இரண்டு வாளித் தண்ணீர். ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர், துடைத்த கையுறையை வெறும் தண்ணீரில் அலசாமல் ஷாம்பில் முக்கக் கூடாது. பிறகு அழுத்தாமல் ஒற்றி எடுப்பது. பிறகு கதவின் ஓரத்து ரப்பருக்கெல்லாம் நாடா ஒட்டுவது, இல்லாவிட்டால் பாலிஷ் இடுக்கில் போய் உட்கார்ந்து வெள்ளைத் தூளாகக் காய்ந்துவிடும், அதைப் பார்த்தாலே ஏன் பாலிஷ் போட்டாய் என்ற கேள்வி வந்துவிடும். எல்லாம் அவர் கற்றுக்கொடுத்ததுதான். பக்கத்தில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, இன்னொரு தடவ, ம், இன்னொரு தடவ என்று சொல்லிச் சொல்லி. பாலிஷ் போடுகிற மிஷின் மாடி அலமாரியில் பூட்டிக் கிடந்தது, கையால்தான் ஆகவேண்டும். ஸ்பாஞ்சில் பட்டாணி அளவுக்குப் பாலிஷ் வைத்து, கோட்டின் போக்கிலேயே நீளவாக்கில் இழுத்தாள். அழுத்தினால் சீக்கிரம் போகும், ஆனால் அழுத்தின இடம் தனியாகத் தெரியும். அழுத்தாவிட்டால் போகவே போகாது. அழுத்தாமல் அழுத்தணும். அப்படித்தான் இந்த வீட்டில் எல்லாமே, சத்தமில்லாமல் கூப்பிடணும், தெரியாமல் சிரிக்கணும், கேட்காமல் கேட்கணும். பல்லடத்தில் இருக்கிற வளர்மதி அக்கா போனில் கேட்டாள், ஏன்டி உன் குரல் இப்படி இறங்கிப்போச்சு, தொண்டை கட்டியிருக்குதா? இல்லக்கா, புள்ள தூங்கறா. அன்றைக்கு நேத்ரா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தேய்த்த இடத்தைத் துடைத்தபோது கோட்டைக் காணோம். கறுப்புக்குள் அவள் முகம் தெரிந்தது, முகத்துக்குப் பின்னால் ஷெட்டின் தகரம், தகரத்துக்குப் பின்னால் வானம். அப்பாடா என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. இதுவும் அவர் சொன்னதுதான், பாலிஷில் எண்ணெய் இருக்கும், எண்ணெய் பள்ளத்தை ரொப்பி ஏமாத்தும், ஸ்பிரிட் போட்டுத் துடைச்சாத்தான் நிஜம் தெரியும். ஸ்பிரிட்டைத் தெளித்தாள். குளிர்ந்த வாடை மூக்கில் ஏறியது, ஊசி போடுகிற இடத்து வாடை. துணியை வைத்து எடுத்தாள். கோடு அங்கேயே இருந்தது, கொஞ்சம் மெலிந்து, தூங்கி எழுந்த மாதிரி.

பக்கத்து மனையில் அப்போதுதான் டைல்ஸ் வெட்டும் சத்தம் ஆரம்பித்தது. பல்லைக் கூசவைக்கும் சத்தம், கூடவே வெள்ளையாக ஒரு புழுதி மதில் மேல் எழும்பி, என்ன செய்வதென்று யோசிப்பது போலக் கொஞ்சம் நின்று, இந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் ஓடிப்போய்க் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள், உடம்பால் மறைத்தால் புழுதி நிற்குமா. டைல்ஸ் தூள் மணலை விட மோசம், கண்ணாடிப் பொடி. ஈரப் பாலிஷில் அது விழுந்து, அதோடு சேர்த்துத் தேய்த்துவிட்டால் ஒரு கோடு போய் ஓராயிரம் கோடு. மதிலோரம் போய் எக்கிப் பார்த்தாள். தலையில் துண்டு கட்டிய மேஸ்திரி ஒருவர் குந்தி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா. மேஸ்திரியண்ணா."

காதில் விழவில்லை. அவள் குரலுக்கு யாரும் திரும்பிப் பார்த்தே நாளாயிற்று. கல்லொன்றை எடுத்து மதிலில் தட்டினாள். மிஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"என்னுங்க்கா?"

"கொஞ்ச நேரம் வெட்டறத நிறுத்திக்கிறீங்களாண்ணா? காருக்குப் பாலிஷ் போட்டுட்டு இருக்கறேன், தூசி வருது."

"காருக்குங்களா?" அவர் மதில் இடைவெளியில் வண்டியைப் பார்த்தார். "இதுக்கு மேல என்னுங்க்கா பாலிஷ்? மொகம் பாத்து சவரம் பண்ணிக்கலாமாட்ட இருக்குது."

"ஒரு சின்னக் கோடுங்க."

"கோடு விழுந்தா வுழுந்துட்டுப் போகுதுங்க. வண்டின்னா வுழுகாம இருக்குமா?" என்றவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். "சரிங்க, டீ குடிச்சிட்டு வர்றோம். வந்துட்டு வெட்டியே ஆகணும், நாளைக்கு ஓனர் வர்றாருங்க."

விழுந்தால் விழுந்துவிட்டுப் போகிறது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்கிற வீடுகளும் இருக்கும்போல, கோடு விழுந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிற வீடுகள். வண்டி வந்த புதிதில் அவளும் அப்படித்தான் இருந்தாள். கூரைமேல் காக்கை எச்சம் விழுந்து கிடந்தது, அவர் வருவதற்குள் துடைத்துவிட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்து முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். சந்தோஷப்படுவார் என்று நினைத்த அந்தப் பெண்ணை நினைத்தால் இப்போது சிரிப்பும் வரவில்லை. அவர் கத்தவில்லை. அவர் என்றைக்கும் கத்தமாட்டார், அதனால்தான் தெருவில் எல்லோரும் தங்கமான மனுசன் என்கிறார்கள். டார்ச்சைப் பிடித்து ஒவ்வொரு கோடாகக் காட்டினார், இது பாரு, இது பாரு, இங்க ஒண்ணு. பார்த்துட்டியா? பார்த்துட்டேங்க. பிறகு அவள் இடது கையைப் பிடித்துத் திருப்பினார், முழங்கைக்கு உள்பக்கம், நரம்பு பச்சையாகத் தெரிகிற மெத்தென்ற இடம். பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து, நுனியை வைத்து, மெதுவாக, அவசரமே இல்லாமல் மணிக்கட்டு வரைக்கும் இழுத்தார். முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு சிவந்தது, பிறகு தடித்தது. ரத்தம் வரவில்லை. ரத்தம் வராத அளவு அவருக்குத் தெரியும். இப்பப் புரியுதா, எப்படி இருக்கும்னு? புரியுதுங்க. பரவால்ல, போய்ச் சாப்பாடு போடு. அவள் போய்ச் சோறு போட்டு, சாம்பார் ஊற்றினாள். அதற்குப் பிறகு எத்தனை தடவை. இரண்டு நாளில் மறைந்துவிடுகிற மாதிரியே இழுப்பார், முழுக்கை ஜாக்கெட் தைத்துக்கொள்ள அவள் கற்றுக்கொண்டாள். யாரிடம் சொல்வது, என்னவென்று சொல்வது, அடித்தாரா, இல்லை, திட்டினாரா, இல்லை, கோடு போட்டார் என்றா? அம்மா இருந்தவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள், உனக்கென்ன கண்ணு, குடியா கூத்தா, சொக்கத் தங்கமாட்ட மாப்பிள்ளை. ஆனால் கோடு பிருந்தா கையில் மட்டும்தான். இதுவரைக்கும் அவள் கையில் மட்டும்தான். போன வாரம் நேத்ரா எட்டிக் கண்ணாடியில் முகம் பார்த்தபோது கதவில் கை பதிந்துவிட்டது, ஐந்து விரலும் தெரிய. அவர் அந்தக் கை அடையாளத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். நேத்ராக்குட்டி, நீ பெரிய பொண்ணாயிட்ட, உனக்கும் இனிமே சொல்லித் தரணும் என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார். குழந்தையும் சிரித்தாள், சைக்கிள் சொல்லித் தருவார் என்று நினைத்திருப்பாள்.

அழுத்தினாள். இந்தமுறை அழுத்தினாள், ஸ்பாஞ்சுக்குப் பதில் ஆட்காட்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கோட்டின் மேல் மட்டும், முன்னும் பின்னும், தோள்பட்டை வலிக்கும்வரை, வலித்த பிறகும். மிருதுவான பெயிண்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, சீக்கிரம் கீறுகிற மாதிரியே சீக்கிரம் தேயவும் செய்யும். தேய்ந்துகொண்டே போனால் அடியில் என்ன இருக்கும் என்று தெரியாது, மேலே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு, அதுவும் காகிதத்தை விட மெல்லிசு, அது தீர்ந்துவிட்டால் கறுப்பு, கறுப்பும் தீர்ந்தால் தகரம். எந்தத் தேய்ப்பில் தீரும் என்று கைக்குத் தெரியாது. ஒவ்வொரு இழுப்பிலும் இதுதானோ, இதுதானோ என்று இருந்தது. மதியம் சாப்பிடவில்லை என்பது ஞாபகம் வந்தது, வந்ததும் போய்விட்டது. ஸ்பிரிட். துடைப்பு. கோடு இல்லை, ஆனால் தேய்த்த இடம் மங்கிப்போய்ப் பால் தெளித்த மாதிரி. மெல்லிய பாலிஷ், மெத்தை ஸ்பாஞ்சு, கதவு முழுக்க இறகு வருடுகிற மாதிரி. ஸ்பிரிட். துடைப்பு. கைபேசி டார்ச்சை அவர் பிடிக்கிற அதே சாய்வில் பிடித்தாள், பிறகு நேராக, பிறகு கீழிருந்து மேலாக. ஒன்றுமில்லை. கோடும் இல்லை, புகையும் இல்லை. வெளிச்சம் ஒரு ஒற்றைப் புள்ளியாகக் கிணற்றுக்குள் விழுந்த நட்சத்திரம் மாதிரி கிடந்தது, சுற்றிலும் ஒரு கீற்றுக் கூட இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று நினைத்தாள், கொட்டாவிதான் வந்தது. நாடாவையெல்லாம் பிய்த்தெடுத்து, மிருதுவான பிரஷ்ஷால் ஓரத்தைத் தட்டி, எழுந்து நாலடி பின்னால் போய்ப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டாள்.

பின்கதவு மட்டும் வேறு கறுப்பாக இருந்தது. முன்கதவும் கறுப்புதான், ஆனால் அதில் இந்த வருசத்துத் துடைப்பெல்லாம், யாரும் பார்க்காத பொடி வட்டங்களெல்லாம் சேர்ந்து ஒரு மெல்லிய சாம்பல் பூத்திருந்தது. சாம்பல் பூத்திருக்கிறது என்று இதுவரை யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பக்கத்தில் இந்தக் கதவு இப்படிப் பளபளக்கும்போது தெரியும். குருடனுக்கும் தெரியும். ஏன் இந்தக் கதவை மட்டும்? அவள் காதுக்குள் அந்தக் குரல் இப்போதே கேட்டது, குழைவில்லாமல், நிதானமாக. அப்படியென்றால் முன்கதவையும் போட்டுவிடுவோம். முன்கதவைப் போட்டால் அதற்கு முன்னால் இருக்கிற சக்கர மேல்தகடு, அதைப் போட்டால் பானெட், பானெட்டைப் போட்டால் வலதுபக்கம், ஒரு இடத்திலும் நிறுத்த முடியாது, முழு வண்டியும் புதிதாகிவிட்டால்தான் எதுவும் நடக்காத மாதிரி இருக்கும். வெயில் மதிலை விட்டு இறங்க ஆரம்பித்திருந்தது. பரவாயில்லை, முன்கதவை மட்டுமாவது. நாடாவைக் கோணலாக ஒட்டினாள், பாலிஷை அதிகமாக வைத்துவிட்டாள், மதிலுக்கு அந்தப் பக்கம் டீ குடித்துவிட்டு வந்தவர்களின் பேச்சுக் குரல், சிரிப்பு, மிஷின் உறுமத் தொடங்கியது. இன்னும் கொஞ்சம் என்று கேட்கலாமா, அவர் சொல்லிவிட்டுத்தானே போனார், வெட்டியே ஆகணும் என்று. அவள் வேகமாகத் தேய்த்தாள். புழுதி மதில் மேல் எழும்பியது தெரிந்தது. பார்க்காத மாதிரித் தேய்த்தாள். துடைத்துவிடலாம், விழுவதற்குள் துடைத்துவிடலாம். துணியை வைத்து இழுத்தபோது உள்ளங்கைக்குக் கீழே அது கேட்டது. கேட்டதா, பட்டதா, சர்ரென்று, சர்க்கரையை நறநறவென்று கடிக்கிற மாதிரி. கையை எடுக்கவே மனம் வரவில்லை. எடுத்துத்தான் ஆகவேண்டும், எடுத்தாள். வளைவு வளைவாக, அவள் கை போன வழியெல்லாம், முன்கதவின் குறுக்கே, கோடு.

வேன் ஹாரன் அடித்தது. நேத்ரா இறங்கியதும் எப்போதும் காருக்கும் சுவருக்கும் நடுவில் புகுந்துதான் ஓடிவருவாள். இன்றைக்கு அவள் பையைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, வண்டியை விட்டு எட்டி, சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து பின்கதவைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்து, மூச்சு மட்டும் விடுகிற மாதிரியான குரலில் கேட்டாள்.

"போயிருச்சாம்மா?"

"எது கண்ணு?"

"அந்தக் கோடு. நான் நேத்தே அழிச்சுப் பாத்தேன். எச்சி தொட்டு யூனிஃபாரத்துலயே தேச்சேன். போகவே இல்ல."

பிருந்தா குழந்தையின் உதட்டையே பார்த்தாள். அந்த உதட்டிலிருந்து இந்தக் குரலா? கதவுக்குள் நின்று கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும் என்று வேன் டிரைவர் கேலி பண்ணுவானே, அந்தப் பிள்ளையா? இது அவளுடைய குரல். அச்சாக அவளுடைய குரல். குழந்தை நேற்றுச் சாரலில் தனியாக இங்கே குந்தி உட்கார்ந்து, சின்ன விரலை எச்சில் பண்ணிப் பண்ணித் தேய்த்திருக்கிறாள், உள்ளே வந்து ஒன்றும் சொல்லாமல் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறாள், தோசை தின்றிருக்கிறாள், அப்பாவுக்கு குட்நைட் சொல்லியிருக்கிறாள்.

"ஏன் சாமி அம்மாகிட்டச் சொல்லல?"

"சொன்னா உன் கையில கோடு போடுவாருல்ல."

பிருந்தாவுக்கு ஜாக்கெட் கையை இழுத்துவிடத் தோன்றியது, இழுத்துத்தான் விட்டிருந்தது ஏற்கெனவே. முழுக்கை ஜாக்கெட்டும், சாத்திய கதவும், மெதுவான பேச்சும், எல்லாமே வீண். பிள்ளைக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும் என்று கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பால் கொடுத்தாள், பிஸ்கட் கொடுத்தாள், உடுப்பு மாற்றிவிட்டாள், டிவியைப் போட்டுவிட்டு வெளியே வராதே என்றாள். திரும்பி வந்து ஈரத் துணிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பைக் சத்தம் தெருவில் திரும்பியது. அந்தச் சத்தத்தை அவள் உடம்பு அவளுக்கு முன்னாலேயே கேட்டுவிடும், முகம் தானாக ஒரு சிரிப்பை எடுத்துப் போட்டுக்கொள்ளும்.

ஜெகதீசன் பைக்கை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றி, கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டார். டார்ச்சை எடுத்தார். முன்கதவுக்கு முன்னால் நின்றார், பின்கதவுக்கு வந்தார், மறுபடியும் முன்கதவுக்குப் போனார்.

"முன்கதவுல தூசியோட தேச்சிருக்க, அத அப்புறம் பாக்கலாம். பின்கதவ ஏன் போட்ட?"

"தூசியா இருந்துச்சுங்க."

"நல்லாப் போட்டிருக்க. நானே இவ்வளவு நல்லாப் போட்டிருக்க மாட்டேன்." டார்ச் வெளிச்சம் கதவிலிருந்து அவள் முகத்துக்கு வந்து திரும்பிப் போனது. "அங்க என்ன இருந்துச்சு பிருந்தா?"

"நான்தாங்க. வாளி பட்டிருச்சு."

"வாளி இந்த உயரத்துல படாது."

அவர் வீட்டுக் கதவுப் பக்கம் திரும்பி, ரொம்பச் சாதாரணமாக, சாக்லேட் வாங்கி வந்த அப்பா கூப்பிடுகிற மாதிரி, நேத்ராக்குட்டி என்றார். டிவி சத்தம் நின்றது. குழந்தை வாசற்படியில் வந்து நின்றாள். செருப்பு போடவில்லை.

"இங்க வா. பயப்படாத. யார் கீறினது?"

"நான்தாம்ப்பா."

"உண்மையச் சொன்ன பாரு, அதான் அப்பாக்குப் புடிக்கும். கைய நீட்டு."

நேத்ரா நீட்டினாள். அதுதான் பிருந்தாவை என்னவோ செய்தது. என்ன, ஏது என்று கேட்காமல், இடது கையை, உள்பக்கம் மேலே வருகிற மாதிரித் திருப்பி, தானாகவே நீட்டினாள். அவ்வளவு மெல்லிசுக் கை. அவன் பாக்கெட்டுக்குள் கையை விட்டான். அவன் என்றுதான் வந்தது, ஒன்பது வருசத்தில் மனசுக்குள் கூட அவர் என்று இருந்த ஆள், சாவி பாக்கெட் நூலில் சிக்கிக் கொஞ்சம் தடுமாறி வெளியே வருவதற்குள் அவனாகிவிட்டான். அவள் நடுவில் போய் நின்றாள். நின்றாளா, நிற்கவைக்கப்பட்டாளா, கால் தரையில் பட்டதே தெரியவில்லை.

"வேண்டாம்" என்றாள்.

"என்ன?"

"புள்ளையத் தொடாதீங்க. அவ கையில சாவியால கோடு போடாதீங்க. என் கையில போட்டது போதும்."

முதல் வாக்கியம் வழக்கமான குரலில்தான் வந்தது. இரண்டாவது எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, கரகரத்து, உடைந்து, அவளுடையது இல்லாத மாதிரி. மூன்றாவது தெருவுக்குக் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கம் டைல்ஸ் மிஷின் நின்றது. ஜெகதீசன் அவளைப் பார்க்கவில்லை, மதிலைத்தான் பார்த்தான். அவன் முகத்தில் அவள் ஒருபோதும் பார்த்திராத ஒன்று ஓடியது, அது கோபமில்லை.

"மெதுவாப் பேசு. உள்ள வா. உள்ள போய்ப் பேசிக்கலாம்."

உள்ளே என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கதவு சாத்துகிற சத்தம் கூடக் கேட்காத உள்ளே.

"இங்கயே பேசுங்க" என்றாள், அதே சத்தத்தில். "எதுக்குப் புள்ள கையக் கேட்டீங்கன்னு இங்கயே சொல்லுங்க."

மதில் மேல் துண்டு கட்டிய தலை ஒன்று தெரிந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பெண் எடுப்பதை நிறுத்தினாள். ஜெகதீசன் சாவியைப் பாக்கெட்டுக்குள் போட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல், மேஸ்திரிக்கு மட்டும் ஒரு சிரிப்பைக் காட்டி, ஒண்ணுமில்லீங்க என்றான். அந்தச் சிரிப்பு இருந்த நேரத்தில்தான் அவள் பிள்ளையின் கையைப் பிடித்தாள். உள்ளே போய்ப் பையெடுக்கத் தோன்றவில்லை, போனால் வரமுடியாது, இடுப்பில் செருகியிருந்த நூறு ரூபாய்தான் கையிருப்பு. கேட்டைத் திறந்தபோது பின்னாலிருந்து, நாளைக்கு நீயே வருவ பிருந்தா என்று அவன் சொன்னது, பழைய நிதானத்தில், அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் கேட்டது. திரும்பவில்லை. முதுகு முழுக்கக் காது மாதிரி இருந்தது. மெயின் ரோடு வரைக்கும் பைக் சத்தம் வருகிறதா என்றே கேட்டுக்கொண்டு நடந்தாள். வரவில்லை. வராததும் பயமாகத்தான் இருந்தது, நாளைக்கு என்று சொல்லியிருக்கிறானே, பள்ளிக்கூடத்து வாசலில் நிற்பானோ, அக்கா வீட்டு வாசலில் பழத்தோடு நிற்பானோ, எல்லோரிடமும் தங்கமாகப் பேசுவானோ.

டவுன் பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. சிங்காநல்லூரில் மாறி ஏறியபோது ஜன்னலோரம் கிடைத்தது. நேத்ரா மடியில் உட்கார்ந்தாள், வெறுங்காலில் ரோட்டுத் தார் ஒட்டியிருந்தது. பஸ் கிளம்பி விளக்குகள் ஓடத் தொடங்கியதும் குழந்தை கழுத்தை வளைத்துக் காதருகே வந்து, நாம எங்கம்மா போறோம் என்று கேட்டாள். பெரியம்மா ஊருக்கு, பல்லடத்துக்கு என்று பிருந்தா அவள் காதிலேயே சொன்னாள். அக்காவுக்குப் போன் பண்ணவில்லை, போன் ஷெட்டில் துணிகளோடு கிடக்கிறது. அக்கா என்ன சொல்வாள், மாமா என்ன சொல்வார், கோடு போட்டார் என்று சொன்னால் யாருக்குப் புரியும், காட்டுவதற்குக் கையில் இன்றைக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் ஆறிவிட்டது. கண்டக்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்.

"எங்கம்மா?"

அவள் சொன்னாள். இன்ஜின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதைக் குனிந்து கொடுத்து, எங்க, சத்தமாச் சொல்லுங்க என்றார்.

அவள் வாயைத் திறப்பதற்குள் மடியிலிருந்து நேத்ரா, பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, "பல்லடம்" என்றாள், "பெரியம்மா வீட்டுக்கு."